24.000 கிலோவும் 4,15 யூரோவும்

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையோரத்தில் மீன் கம்பெனிகளுக்கும் கருவாட்டு வியாபாரிகளுக்கும் சின்னச் சின்னதாகச் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறவர்கள் இப்போது கொஞ்சப் பேர் இருக்கிறோம். பெரும்பாலும் சென்னை, பெங்களூரு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி "இது ஏன்டா இப்படி வருது" என்று கேட்க வழியில்லை. எண்களை எழுதும் முறை நாட்டுக்கு நாடு மாறும் என்பது நமக்கெல்லாம் மேலோட்டமாகத் தெரியும். அது ஒரு கம்பெனியின் மூன்றே கால் லட்சத்தையும் என்னுடைய ஒரு கோடைக்காலத்தையும் தின்றுவிடும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். கோடு, அதாவது புரோகிராம், எழுதத் தெரியாதவர்கள்கூட, வெளிநாட்டு எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களாக இருந்தால், படிக்கலாம்.

மண்டபம் பக்கம் ஒரு கணவாய் மீன் ஏற்றுமதிக் கம்பெனி. முதலாளி கீழக்கரைக்காரர், அந்த ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்து நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஊசிக்கணவாயும் ஓட்டுக்கணவாயும் படகுக்காரர்களிடம் வாங்கி, சுத்தம் செய்து, உறையவைத்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார். ஸ்பெயின்காரர்கள் கணவாய்க்குக் கொடுக்கிற மரியாதையை நாம் வஞ்சிரத்துக்குக்கூடக் கொடுப்பதில்லை. சாஃப்ட்வேரை முதலில் எழுதியவர் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டார். பராமரிப்பு என் கைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வாங்கல் பக்கம், பேக்கிங் பக்கம், ஏற்றுமதி பக்கம் என்று மூன்று பகுதிகள். நான் பிரித்துப் பார்த்து முடித்திருந்தது வாங்கல் பக்கம் மட்டும்.

ஸ்பெயின் வியாபாரி அதுவரை சின்ன ஆர்டர்களாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார், அதையும் இமெயிலில் எழுதி. கணக்குப் பார்க்கிற அக்கா அதைப் பார்த்துக் கையால் அடிப்பார். அந்த முறை முழு ரீஃபர் கண்டெய்னர், அதாவது குளிரூட்டிய கண்டெய்னர், ஒன்றுக்கான ஆர்டர். அவர்கள் ஒரு சிஎஸ்வி கோப்பாக, அதாவது பத்திகளை ஒரு குறியால் பிரித்து வைக்கிற வெறும் எழுத்துக் கோப்பாக, அனுப்பினார்கள். அக்கா அதை அப்படியே சாஃப்ட்வேரில் ஏற்றினார். திரையில் எடை 24 கிலோ, விலை 4 யூரோ என்று வந்தது. "என்னடா இது, ஸ்பெயினுக்கு இருபத்து நாலு கிலோ அனுப்பவா" என்று சிரித்துவிட்டு, 24-ஐ அழித்து 24000 என்று அடித்திருக்கிறார். சரக்கு போகும் முன் எடையும் விலையும் எழுதிக் கையெழுத்து வாங்குகிற புரோஃபார்மா இன்வாய்ஸ் தயார். காக்கா கையெழுத்துப் போட்டார், ஸ்பெயினிலும் போட்டார்கள். கண்டெய்னர் கப்பல் ஏறியது.

பேசி முடித்த விலை கிலோவுக்கு 4 யூரோ 15 சென்ட். அவர்கள் கோப்பில் எழுதியிருந்ததும் அதுதான், அவர்கள் ஊர் வழக்கப்படி 4,15 என்று. எடை 24.000, அதாவது இருபத்து நாலாயிரம். அங்கே ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, தசமத்தைப் பிரிப்பது கமா. நம் வழக்கத்துக்கு நேர் தலைகீழ். கிலோவுக்குப் பதினைந்து சென்ட் வீதம் 24,000 கிலோவுக்கு 3,600 யூரோ குறைத்து இன்வாய்ஸ் போயிருந்தது. நம் காசில் மூன்றே கால் லட்சத்துக்குக் குறையாது.

பேங்கில் பணம் வந்து இறங்கிய அன்றுதான் காக்காவுக்கு உறைத்தது. போனில் சத்தமெல்லாம் போடவில்லை. "தம்பி, நாலு பதினஞ்சுன்னு வாட்ஸப்ல பேசி முடிச்ச ரேட்டு. தாள்ல நாலுன்னு இருக்கு. சாஃப்ட்வேர் ஒங்க கையிலதானே இருக்கு?" அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். இப்படிக் கேட்டதும் வாய் வரவில்லை. நான் தொடாத கோடு என்று சொல்லத் தோன்றியது. சொன்னாலும் எடுபடாது என்பதும் தெரிந்தது. எனக்கு வரவேண்டியிருந்த 35,000 ரூபாய் பாக்கியைப் பற்றி அதன் பிறகு இரண்டு பேருமே பேசவில்லை. மேசைக்கு நடுவில் அது பாட்டுக்குக் கிடந்தது.

டேட்டாபேஸில் விலை 4 என்றே பதிவாகியிருந்தது. மூலக் கோப்பை டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திறந்தேன். அங்கே கண்ட காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஸ்பெயின் எக்செல் சிஎஸ்வியில் பத்திகளை அரைப்புள்ளியால் பிரிக்கும், ஏனென்றால் கமா அங்கே தசமத்துக்குப் போய்விட்டது. என் கம்ப்யூட்டர் எக்செல்லோ கமாவைக் கண்டால் பத்தி பிரிக்கும். அதனால் பொருளின் பெயர், 24.000, 4 எல்லாம் அரைப்புள்ளிகளோடு முதல் கட்டத்தில் ஒரே மூட்டையாகக் கிடந்தன. பக்கத்துக் கட்டத்தில் 15 தனியாக நின்றது. காக்கா தேடிய பதினைந்து சென்ட் அதுதான்.

இங்கே ஒரு விஷயம். வெளிநாட்டிலிருந்து வரும் கோப்பில் சந்தேகம் வந்தால் எக்செல்லில் திறக்காதீர்கள், நோட்பேடில் திறங்கள். எக்செல் திறக்கும்போதே தன் ஊர்ப் பழக்கப்படி எண்ணைப் படித்துவிடும். 24.000 என்று ஒரு கட்டத்துக்குள் விழுந்தால் 24 என்று காட்டும். அதற்குமேல் தெரியாமல் ஒரு முறை சேவ் செய்துவிட்டால் மூலத்தில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சியே கிடையாது. வந்த கோப்பை வந்தபடியே சர்வரில் ஒரு நகல் எடுத்து வைக்கிற வழக்கம் பழைய சாஃப்ட்வேரில் இல்லை. அக்காவின் இமெயிலில் அது அழியாமல் இருந்ததால் பிழைத்தேன்.

ஏற்றுமதிப் பகுதி ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. அரைப்புள்ளியால் பத்தி பிரிக்க வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. பிரித்தபின் எண்ணாக மாற்ற பார்ஸ்ஃப்ளோட் என்ற ஃபங்ஷனைப் போட்டிருந்தார். அதன் குணம் இதுதான்: இடமிருந்து வலமாகப் படிக்கும், புரியாத எழுத்து வந்ததும் நின்றுகொள்ளும், அதுவரை படித்ததைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். 4,15 என்றால் 4. 1,25,000 என்றால் 1. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. அதே ஜாவாஸ்கிரிப்டில் நம்பர் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதற்கு 4,15-ஐக் கொடுத்தால் இது எண்ணே இல்லை என்று திருப்பிக் கொடுக்கும். அது போட்டிருந்தால் அன்றைக்கே திரை சிவந்திருக்கும், யாராவது எனக்குப் போன் அடித்திருப்பார்கள். கொடுமை என்னவென்றால், வாங்கல் பக்கத்தில் இதே ஆள் கமாவையெல்லாம் நீக்கிவிட்டு எண்ணாக மாற்றியிருந்தார். நம் லட்சக் கமாவுக்கு அது சரி. அதை இங்கே போட்டிருந்தாலும் 4,15 என்பது 415 ஆகியிருக்கும், கணவாய் கிலோ 415 யூரோ என்று பார்த்ததும் அக்கா அலறியிருப்பார்.

இந்த விவகாரத்தில் எனக்குப் பிடிபட்ட முக்கியமான சங்கதி இதுதான். அபத்தமாக வருகிற தப்பை மனிதர்கள் பிடித்துவிடுவார்கள். நம்புகிற மாதிரி வருகிற தப்பு கடலைத் தாண்டிப் போய்விடும். 24 கிலோ அபத்தம், திருத்தப்பட்டது. 4 யூரோ பார்க்க விலை மாதிரியே இருந்தது, தப்பிவிட்டது. அதைவிட மோசம், ஒன்றைக் கையால் திருத்தியதும் "சரி பண்ணியாச்சு" என்ற நிம்மதி வந்துவிடுகிறது, அடுத்த பத்தியைக் கண் பார்ப்பதில்லை. இரண்டு தப்புக்கும் காரணம் ஒன்றுதான் என்று அக்காவுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அதனால் இப்போது என் சாஃப்ட்வேரில், கோப்பிலிருந்து ஏறிய எந்த எண்ணையாவது கையால் மாற்றினால், அந்த ஆர்டர் முழுவதும் நிறுத்தி வைக்கப்படும். ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி கேட்கும், எனக்கு ஒரு மெசேஜ் வரும். அக்காவுக்கு இது தொல்லைதான். "ஒங்க சாஃப்ட்வேரு சிஐடி வேலை பாக்குது" என்பார்.

பழைய ஆளைப் போனில் பிடித்தேன். நல்ல மனிதர், வருத்தப்பட்டார். "ஸ்பெயின் கோப்புக்கு மட்டும் கமாவைப் புள்ளியா மாத்திட்டுப் படிங்க, முடிஞ்சுது" என்றார். இந்த ஆலோசனையை நீங்களும் கேட்பீர்கள், இணையத்திலும் கொட்டிக்கிடக்கிறது. 4,15-க்கு வேலை செய்யும். 1.250,50 என்று ஒன்று வந்தால் 1.250.50 ஆகும், பார்ஸ்ஃப்ளோட் இரண்டாவது புள்ளியில் நின்று 1.25 என்று கொடுக்கும். 24.000 அப்போதும் 24-தான். போட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டேன்.

அடுத்து, எண்ணைப் பார்த்தே அது எந்த ஊர் முறை என்று கோடு தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். கடைசியில் வருவது எதுவோ அதுதான் தசமக் குறி, இரண்டும் வந்தால் எளிது, இப்படியெல்லாம் விதி எழுதினேன். 1.250,50 வந்தால் சந்தேகமில்லை. 12,34,567.50 வந்தால் நம்ம ஊர். ஆனால் 1.250 என்று மட்டும் வந்தால்? ஒன்றேகால் கிலோவா, ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோவா? எந்தப் புத்திசாலிக் கோடாலும் சொல்ல முடியாது, ஏனென்றால் பதில் அந்த எழுத்துகளில் இல்லை. நம் தொழிலில் இது அரிதான சிக்கல் என்றும் தள்ளிவிட முடியாது. கம்பெனி வாசலில் இருக்கிற எலெக்ட்ரானிக் தராசைப் பாருங்கள். கிராம் வரை காட்டுவதால் தசமத்துக்குப் பிறகு எப்போதும் மூன்று இலக்கம். ஒரு கூடைக் கணவாய் வைத்தால் 12.500 என்று சீட்டு அச்சடிக்கிறது. காசுக்குத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம், அதனால் ஆயிரத்தோடு குழம்பாது. எடைக்கு மூன்று, ஆயிரத்தைப் பிரிக்கவும் மூன்று. கிலோவில் கணக்கு வைக்கிற எந்தத் தொழிலிலும், அது மீனோ மிளகாய் வத்தலோ கருப்பட்டியோ, இந்தக் குழி இருக்கிறது. நான் பார்த்த மென்பொருள் பாடங்களில் உதாரணங்கள் பெரும்பாலும் பணத்தை வைத்தே இருந்ததால் இதைத் தொட்டதாக நினைவில்லை.

இந்தத் தலைவலிக்கு உலகம் ஒரு முடிவு கட்டியிருக்கக் கூடாதா என்று தேடினேன். எடை அளவைகளுக்கான பன்னாட்டு மாநாடு 2003-ல் கூடி ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது: தசமக் குறி புள்ளியாகவும் இருக்கலாம், கமாவாகவும் இருக்கலாம், பெரிய எண்களை மும்மூன்றாகப் பிரிக்க வேண்டுமானால் இடைவெளி விடுங்கள், அந்த இடைவெளியில் புள்ளியோ கமாவோ போடாதீர்கள். நம்ம ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி இரண்டு பக்கத்தையும் நோகாமல் அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஊகிப்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு வியாபாரியின் பதிவிலும் அவர் எண் எழுதும் முறை எது என்று குறிக்க ஒரு தனிக் கட்டம் வைத்தேன். அவர்களிடம் நேராகக் கேட்டு நிரப்ப வேண்டும். எப்படிக் கேட்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "நீங்கள் கமா போடுவீர்களா" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒரு எண்ணை அவர்கள் கம்ப்யூட்டரில் அடித்து, எப்போதும் அனுப்புகிற வழியிலேயே கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அந்த எண் 1000 ஆகவோ 1234 ஆகவோ இருக்கக் கூடாது. ஸ்பெயினில் நாலு இலக்க எண்களுக்குப் பிரிப்புக் குறி போடாமல் விடுவதுதான் வழக்கம். 9500 என்றால் 9500 என்றே எழுதுவார்கள், 12.000 வரும்போதுதான் புள்ளி தலைகாட்டும். சின்ன ஆர்டர் கோப்பு எதையாவது வைத்துச் சோதித்திருந்தால்கூட இந்தப் புள்ளிப் பிசகு வெளியே வந்திருக்காது. நான் கேட்பது ஒரு கோடியைத் தாண்டிய எண், தசமத்துக்குப் பின் மூன்று இலக்கத்தோடு: 12345678.905. இதை அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்தால் எல்லாக் குறியும் வெளியே வந்துவிடும். நம் லட்சம் கோடிப் பிரிப்பு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும், கடைசிப் பூஜ்யத்தைக் கத்தரிக்கிறார்களா என்ற குழப்பமும் இருக்காது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் ஏறிவிடும், நாட்டுப்படகுகள் கொண்டுவருகிற கொஞ்சச் சரக்குதான். கம்பெனி அமைதியாக இருந்த அந்தக் காலத்தில் ஏற்றுமதிப் பகுதி முழுவதையும் பிரித்து மாட்டினேன். சம்பளமில்லாத வேலை. அந்தக் கோடையில் தொண்டியில் ஒரு கருவாட்டு மண்டிக்குப் பில்லிங் எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தேன், அது கைவிட்டுப் போனது. வீட்டில் கேட்டார்கள்: "நீ செய்யாத தப்புக்கு நீ ஏன் மாரடிக்கிற?" நியாயமான கேள்விதான். கோபமும் இருந்தது. ஆனால் இந்தக் கரையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். "அந்தப் பையன் சாஃப்ட்வேர்ல கப்பல் கவுந்துச்சாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் தொண்டி வரைக்கும் போக ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

மாற்றியதில் முதல் வேலை, எண்ணின் மதிப்பையும் அதை எழுதிக் காட்டும் கோலத்தையும் பிரித்தது. டேட்டாபேஸில் எடை, விலை இரண்டும் தசமத்தைப் பிசகாமல் வைக்கிற டெசிமல் வகை, எடைக்கு மூன்று தசமம், விலைக்கு நாலு. ஃப்ளோட் வகையில் பணத்தை வைக்காதீர்கள், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டுகிற வகை அது. உள்ளே ஓடுகிற எல்லா இடத்திலும் தசமம் என்றால் புள்ளி, ஆயிரத்துக்குக் குறியே கிடையாது. புரோகிராம்கள் தங்களுக்குள் தரவு அனுப்பிக்கொள்கிற ஜேசன் வடிவமும் அப்படித்தான் கேட்கிறது. கோலம் மாறுவது இரண்டே வாசலில்: கோப்பு உள்ளே வரும்போது, தாள் வெளியே போகும்போது. ஜாவாஸ்கிரிப்டில் வெளியே காட்ட இன்டில் நம்பர்ஃபார்மேட் இருக்கிறது. லொகேல் என்பது ஒரு நாட்டின், மொழியின் எழுதும் வழக்கம்; இந்திய ஆங்கில லொகேலைக் கொடுத்தால் 12,34,567 என்று லட்சக் கணக்கில் தரும், ஸ்பானிஷ் லொகேலைக் கொடுத்தால் அவர்கள் வழக்கப்படி தரும். உள்ளே வருவதைப் படிக்க அதில் வசதி கிடையாது, நாமேதான் எழுத வேண்டும். ஃபார்மேட்டூபார்ட்ஸ் என்ற ஃபங்ஷன் ஒரு லொகேலின் குறிகள் எவை என்று பிரித்துச் சொல்லும். அதைக் கொண்டு ஆயிரக் குறியை நீக்கி, தசமக் குறியைப் புள்ளியாக்கி, மிஞ்சியதில் இலக்கத்தையும் ஒரே ஒரு புள்ளியையும் தவிர வேறெதுவும் இருந்தால் மறுத்துவிடச் செய்தேன். ஆயிரக் குறி சரியான இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு பேபல் என்ற நூலகத்தில் இது தயாராகவே கிடைக்கிறது.

மறுப்பதில் கஞ்சத்தனம் கூடாது என்பதற்கு இன்னொரு உதாரணம் பேக்கிங் பக்கத்தில் கிடைத்தது. தராசோடு இணைத்திருந்த புரோகிராம் சி ஷார்ப்பில் எழுதியது. அதன் டபுள் பார்ஸ் என்ற ஃபங்ஷன், லொகேல் எதுவும் சொல்லாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரின் விண்டோஸ் எந்த நாட்டு அமைப்பில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று காக்காவின் மாப்பிள்ளை ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பை அங்கே வைத்தார்கள். ஜெர்மன் அமைப்பு. தராசு 12.500 என்று அனுப்ப, திரையில் ஒரு கூடை பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோ. இது சத்தம் போடுகிற தப்பு, உடனே பிடிபட்டது. ஆனால் அதே ஃபங்ஷன் ஆங்கில அமைப்பில் 4,15-ஐப் பார்த்தால் கமா இருக்கிற இடம் சரியா என்றுகூடப் பார்க்காது, 415 என்று படித்துவிடும். தராசு, கோப்பு, இன்னொரு புரோகிராம் என்று இயந்திரத்திடமிருந்து வருகிற எண்ணுக்கு எப்போதும் இன்வேரியன்ட் கல்ச்சர், அதாவது எந்த நாட்டு அமைப்பையும் சாராமல் புள்ளியையே தசமமாக எடுக்கிற முறை, என்று எழுதிக் கொடுங்கள். கம்ப்யூட்டரின் அமைப்பு மனிதருக்குக் காட்டுவதற்கு மட்டும்தான். ஜாவாவிலும் இதே கதை: ஸ்ட்ரிங் ஃபார்மேட் உள்ளூர் அமைப்பைப் பின்பற்றும், டபுளாக மாற்றுகிற பார்ஸ் டபுள் எப்போதும் புள்ளியைத்தான் கேட்கும். ஒரே புரோகிராம் தான் எழுதியதைத் தானே படிக்க முடியாமல் தவிப்பதைப் பார்க்கலாம். ஜாவாவோடு வருகிற டெசிமல்ஃபார்மேட்டில் லட்சக் கமாவுக்குப் பேட்டர்ன், அதாவது எண் எப்படித் தெரிய வேண்டும் என்ற மாதிரி, எழுதி ஏமாந்தவர்களும் உண்டு. பேட்டர்னில் எத்தனை கமா போட்டாலும் கடைசிக் கமாவின் இடைவெளியை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். ஐசியு என்ற தனி நூலகத்துக்குப் போனால்தான் லட்சம் வரும்.

பிரான்சிலிருந்து ஒரு விசாரணை வந்தது இன்னொரு கூத்து. அவர்கள் ஆயிரத்தை இடைவெளியால் பிரிக்கிறார்கள். 12 500,00. சரி, இடைவெளியை நீக்கினால் போகிறது என்று எழுதினால், நீங்கவில்லை. திரையில் பார்த்தால் சாதாரண இடைவெளிதான். அந்த எழுத்தின் எண் என்ன என்று கேட்டுப் பார்த்தால் 8239. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் வருகிற இடைவெளி 32. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோடில் வரி முறியாத குறுகிய இடைவெளி என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதுதான் இது. இதற்கு முன்னால் 160-ஆம் எண் இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், லொகேல் தரவைப் புதுப்பித்தபோது மாறியது. அதனால் பழைய கம்ப்யூட்டரிலிருந்து வரும் கோப்பில் 160, புதியதில் 8239, யாராவது கையால் அடித்தால் 32. மூன்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை நம்பாதீர்கள், எழுத்தெண்ணை அச்சடித்துப் பாருங்கள். சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஆயிரத்துக்கு மேற்கோள் குறி மாதிரி ஒன்று போடுகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர்கள் இன்னும் கணவாய் கேட்கவில்லை.

வெளியே போகிற கோப்பிலும் இதே வம்பு திரும்பி நடக்கும். பத்து கிலோ அட்டைப்பெட்டிக்கு நாங்கள் 10.000 என்று எழுதி அனுப்பிய பேக்கிங் லிஸ்ட், ஸ்பெயினில் ஒரு பெட்டி பத்தாயிரம் கிலோவாகத் திறந்தது. சிஎஸ்வியை விட்டுவிட்டு எக்செல்லின் சொந்த வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாக அனுப்ப ஆரம்பித்தோம். அதற்குள்ளே எண் எண்ணாகவே சேமிக்கப்படுகிறது, திறக்கிறவரின் எக்செல் அவரவர் வழக்கப்படி காட்டிக்கொள்ளும். ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஓட்டுக்கணவாயில் கிலோவுக்கு எத்தனை உருப்படி என்று சைஸ் பிரிப்போம்: 5/7, 8/12 என்று. எக்செல் அதை ஜூலை 5, டிசம்பர் 8 என்று தேதியாக மாற்றிவிடும். சைஸ் பத்தியை எழுத்து வகை என்று கோடிலேயே குறித்துவிடுங்கள். ஜூலை 5 சைஸ் கணவாய் என்று ஒரு முறை லேபிள் அச்சாகி, பெட்டியில் ஒட்டும் முன் பேக்கிங் பெண்கள் பிடித்தார்கள்.

இவ்வளவு செய்தபிறகும் எனக்குத் திருப்தி வரவில்லை. 1.250 கதைதான் உறுத்திக்கொண்டே இருந்தது. வியாபாரி புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால்? அவருடைய ஆபீஸில் வேறொருவர் கோப்பு தயாரித்தால்? கடைசியில் செய்தது ரொம்ப எளிது. கோப்பு ஏறியதும், சேமிப்பதற்கு முன், ஒவ்வொரு வரியையும் தமிழ்ச் சொற்களில் திரையில் எழுதிக் காட்டுகிறது: இருபத்து நாலாயிரம் கிலோ, கிலோவுக்கு நாலு யூரோ பதினைந்து சென்ட். பக்கத்திலேயே கோப்பில் இருந்த மூல எழுத்து, மாற்றமில்லாமல். சொற்களில் கமாவும் கிடையாது, புள்ளியும் கிடையாது. அக்கா வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு ஓகே கொடுக்கிறார். கூடவே, போன முறை விலையிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறினால் மஞ்சள் நிறம். மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு திரைதான் காக்காவுக்குப் பிடித்தது, அதை எழுத ஆன நேரமும் மற்றவற்றைவிடக் குறைவு.

ஸ்பெயின்காரர்கள் கையெழுத்துப் போட்ட தாளைத்தான் காட்டினார்கள். சட்டப்படி அவர்கள் பக்கம்தான் வலு. ஆனாலும் தங்கள் கோப்பில் 4,15 என்று இருந்ததை மறுக்கவில்லை. தடைக்காலம் முடிந்து வந்த அடுத்த ஆர்டரில் கிலோவுக்குக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்து, இழப்பில் பாதிக்கு மேல் சரிக்கட்டினார்கள். மூலக் கோப்பின் நகல் இருந்ததால்தான் அந்தப் பேச்சே நடந்தது. என் 35,000 ரூபாயும் அதன் பிறகு இரண்டு தவணையாக வந்தது. கோடையில் வேலை செய்ததற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. தொண்டி மண்டிக்காரர் வேறு ஆளை வைத்துவிட்டார்.

இப்போது யாருடைய பழைய சாஃப்ட்வேரைப் பராமரிக்க ஒத்துக்கொண்டாலும், எந்தெந்தப் பகுதியை நான் பார்த்துச் சரியென்று சொன்னேன், எதை இன்னும் பார்க்கவில்லை என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். பார்க்காத பகுதிக்குத் தனிக் கட்டணம், அதைப் பார்த்து முடிக்கும் வரை வரும் நஷ்டத்துக்கு நான் பொறுப்பில்லை என்று தமிழிலேயே ஒரு வரி. முதலில் முகம் சுளிக்கிறார்கள், பிறகு போட்டுவிடுகிறார்கள். புரோகிராமைத் திறந்ததும் முதலில் தேடுவது பார்ஸ்ஃப்ளோட், டபுள் பார்ஸ், கமாவை நீக்குகிற வரிகள், இந்த மூன்றும் எங்கெங்கே இருக்கின்றன என்பதைத்தான். போன வாரம் ஏர்வாடிப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி சாஃப்ட்வேரில் தேடினேன், ஒரு பக்கம் நிறைய வந்தது. அவர்கள் வெளிநாட்டுக்கு எதுவும் அனுப்புவதில்லை, ஆனால் 1,25,000 அங்கேயும் 1 ஆகிக்கொண்டுதான் இருக்கிறது.